மூன்றாம் யான் சோபியெஸ்கியும் அவர் குடும்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலந்து அரசர் மூன்றாம் யான் சோபியெஸ்கியைப் பற்றிய பேச்சு, 1683ஆம் ஆண்டு வியன்னா நகரை உதுமானியத் துருக்கியரின் முற்றுகையிலிருந்து மீட்டவர் என்ற ஒரே வரியில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அவர் அரச குடும்பத்தில் பிறந்தவர் அல்லர் என்பதும், பிரபுக்கள் கூடித் தேர்ந்தெடுத்த அரசர் என்பதும், அப்படிக் கிடைத்த முடியைத் தம் மகனுக்கு விட்டுச் செல்ல ஆட்சிக்காலம் முழுவதும் முயன்று தோற்றவர் என்பதும் அந்த வரிக்குள் வருவதில்லை. குடும்பத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய வாழ்க்கை புரியும் என்பது என் உறுதியான கருத்து. ஆகையால் இங்குள்ள கேள்விகளுள் பெரும்பகுதி அவருடைய முன்னோரையும் மனைவி மக்களையும் பற்றியவை.

யான் சோபியெஸ்கி யார்?

1629ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், இன்று உக்ரைனின் லிவீவ் பகுதியில் உள்ள ஒலெஸ்கோ கோட்டையில் பிறந்தவர். படைத்தலைவராக உயர்ந்து, 1674இல் போலந்து-லித்துவேனியக் கூட்டரசின் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1696ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் வார்சாவை அடுத்த விலானூவ் மாளிகையில் இறந்தார்.

அவர் பெயருக்கு முன் "மூன்றாம்" என்று வருவது ஏன்? தந்தையும் பாட்டனாரும் அதே பெயரில் ஆண்டார்களா?

இல்லை. அந்த எண் குடும்ப வரிசையைக் குறிப்பதன்று, அரியணையின் வரிசையைக் குறிப்பது. யாகியெல்லோ மரபைச் சேர்ந்த யான் ஓல்பிராக்ட், வாசா மரபைச் சேர்ந்த யான் காசிமிர் ஆகிய இருவரும் யான் என்ற பெயரில் முன்பே ஆண்டவர்கள். சோபியெஸ்கி குடும்பத்தில் அவருக்கு முன்னும் அரசர் இல்லை, பின்னும் இல்லை.

அரசரைத் தேர்ந்தெடுப்பது என்றால் என்ன? மக்கள் வாக்களித்தார்களா?

இன்றைய பொருளில் மக்கள் வாக்களிக்கவில்லை. வாக்குரிமை பிரபுக் குலத்தவருக்கு மட்டுமே இருந்தது. ஆனால் போலந்தில் அந்தக் குலம் மற்ற ஐரோப்பிய நாடுகளில் இருந்ததைவிடப் பெரியது. மக்கள்தொகையில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பேர் அதைச் சேர்ந்தவர்கள் என்பது வழக்கமான மதிப்பீடு. பல ஊர்களுக்கு உடைமையாளரான பெருநிலக்கிழாரும், ஒரே ஏரைத் தாமே பிடித்து உழுத ஏழைப் பிரபுவும் சட்டத்தின் முன் சமமானவர்கள் என்பது அவர்கள் உயிரினும் மேலாகப் போற்றிய கொள்கை.

யாகியெல்லோ மரபின் கடைசி அரசரான இரண்டாம் சிகிஸ்முந்து அவுகுஸ்து 1572இல் ஆண் வாரிசு இன்றி இறந்தபோது, அடுத்த அரசரை எல்லாப் பிரபுக்களும் நேரில் கூடித் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தார்கள். 1573இல் முதல் தேர்தல் நடந்தது. பிரான்சு நாட்டு இளவரசர் ஹென்றி வலுவா அதில் வென்றார். அவர் ஏற்க வேண்டியிருந்த நிபந்தனைகள் "ஹென்றி விதிகள்" என்ற பெயரில் பின்வந்த ஒவ்வோர் அரசரையும் கட்டுப்படுத்தின. அரசர் உயிரோடு இருக்கும்போது அடுத்த அரசரைத் தேர்ந்தெடுக்க முயலக்கூடாது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது பேரவையைக் கூட்ட வேண்டும். அரசர் வாக்குத் தவறினால் குடிகள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை. இவற்றுள் முதல் விதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சோபியெஸ்கி குடும்பத்தின் கதை முழுவதும் அந்த விதியில்தான் போய் முட்டுகிறது.

அரசர் இறந்தால், கினியெஸ்னோ பேராயர் இடைக்கால ஆட்சியாளராகப் பொறுப்பேற்பார். முதலில் ஏற்பாடுகளுக்கான பேரவை, அடுத்து தேர்தல் பேரவை, இறுதியில் முடிசூட்டுப் பேரவை என மூன்று கூட்டங்கள் நடக்கும். தேர்தல், வார்சாவை ஒட்டிய வோலா என்ற சிற்றூரின் திறந்த வெளியில் நடைபெறுவது வழக்கம். மேலவையினர் கூடுவதற்கு மரத்தால் ஒரு பெரிய கொட்டகை எழுப்புவார்கள். அதைச் சுற்றிலும் மாகாணம் மாகாணமாகப் பிரபுக்கள் குதிரைகளோடும் வாளோடும் திரண்டு நிற்பார்கள். வெளிநாட்டுத் தூதர்கள் தத்தம் வேட்பாளருக்காகப் பேசுவார்கள், விருந்து வைப்பார்கள், பணமும் கொடுப்பார்கள். பிறகு ஒவ்வொரு மாகாணமும் தன் விருப்பத்தைத் தெரிவிக்கும்.

சோபியெஸ்கி குடும்பம் எங்கிருந்து வந்தது?

லூப்ளின் பகுதியில் உள்ள சோபியெஷின் என்ற ஊரிலிருந்து அவர்கள் குடும்பப் பெயர் வந்தது. பல தலைமுறைகள் நடுத்தரப் பிரபுக்களாகவே வாழ்ந்தார்கள். அரசரின் தந்தைவழிப் பாட்டனார் மாரெக் சோபியெஸ்கி, ஸ்டீபன் பாத்தோரி அரசரின் போர்களில் பெயர் பெற்று லூப்ளின் மாகாண ஆளுநராக உயர்ந்து, 1605இல் இறந்தார். குடும்பத்தை மேல்தட்டுக்குக் கொண்டு வந்தவர் அவரே.

அவர் மகனும் அரசரின் தந்தையுமான யாக்குப் சோபியெஸ்கி வாளைவிட நாவாலும் எழுதுகோலாலும் உயர்ந்தவர். மேற்கு ஐரோப்பாவில் கற்றவர். 1610இல் பிரான்சு அரசர் நான்காம் ஹென்றி கொல்லப்பட்டபோது பாரிசில் இருந்தவர். 1621இல் ஹோத்தின் கோட்டையில் உதுமானியரோடு நடந்த போருக்குப் பின் அமைதி பேசச் சென்றவர்களுள் ஒருவரான அவர், அந்தப் போரின் வரலாற்றை இலத்தீன் மொழியில் எழுதினார். பேரவைக்கு நான்கு முறை தலைவராக இருந்தார். தம் மகன்கள் என்னென்ன கற்க வேண்டும், யாரோடு பழக வேண்டும் என்பது பற்றி அவர் எழுதிவைத்த அறிவுரைகள் இன்றும் கிடைக்கின்றன. 1646இல், நாட்டின் மேலவையில் மிக உயர்ந்த இடமான கிராக்கோவ் கோட்டைத்தலைவர் பதவியைப் பெற்ற அதே ஆண்டில், அவர் காலமானார்.

குடும்பத்தின் குலச்சின்னம் எது?

"யானினா" என்ற சின்னம். சிவப்புப் பின்புலத்தில் ஊதா நிறக் கேடயம் ஒன்று. அதற்குமேல் எதுவும் இல்லை. போலந்தில் ஒரே சின்னத்தைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்வது வழக்கம் என்பதால் யானினா சோபியெஸ்கி குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று.

கத்தான்ஸ்கு நகரின் வானியலாளர் யோகான் ஹெவேலியுசுக்கு அரசர் உதவித்தொகை வழங்கி ஆதரித்து வந்தார். 1684இல் ஹெவேலியுசு, வானில் தாம் வகுத்த ஒரு சிறு விண்மீன் குழுவுக்குச் "சோபியெஸ்கியின் கேடயம்" என்று பெயரிட்டார். இன்று அது "கேடயம்" என்று மட்டும் வழங்குகிறது. கழுகு, தனுசு விண்மீன் குழுக்களுக்கு நடுவே, பால்வழி மண்டலம் அடர்ந்து தெரியும் இடத்தில், வான நடுக்கோட்டை ஒட்டி அமைந்திருப்பதால் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அதைத் தெளிவாகக் காணலாம். மங்கலான குழுதான், நகர விளக்குகளை விட்டு விலகிச் சென்றால்தான் கண்ணுக்குப் படும்.

அவருடைய தாய்வழிக் குடும்பத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

தந்தையின் குடும்பம் அவருக்குக் கல்வியையும் பதவியையும் கொடுத்தது. அவரைப் போர்வீரராக ஆக்கியது தாயின் குடும்பம்.

தாய் தெயோபிலா, தனிலோவிச் குடும்பத்தைச் சேர்ந்தவர். தெயோபிலாவின் தாய்வழிப் பாட்டனார் ஸ்தனிஸ்லாவ் ஜூல்கியெவ்ஸ்கி போலந்தின் மிகச் சிறந்த படைத்தலைவர்களுள் ஒருவர். 1610இல் குளூஷினோ என்ற இடத்தில் தம்மினும் பன்மடங்கு பெரிய படையை வென்று, மாஸ்கோவின் கிரெம்ளினுக்குள் போலந்துப் படையை நிறுத்தியவர். 1620இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், மொல்தாவியாவில் செத்சோரா போருக்குப் பிந்தைய பின்வாங்கலின்போது உதுமானியப் படையால் கொல்லப்பட்டார். வெட்டப்பட்ட அவர் தலை இஸ்தான்புல்லுக்கு அனுப்பப்பட்டது. குடும்பத்தார் பின்னர் பணம் கொடுத்து அதை மீட்டு வந்தார்கள். தெயோபிலாவின் உடன்பிறந்தவரான ஸ்தனிஸ்லாவ் தனிலோவிச்சும் 1636இல் கருங்கடலின் வடகரைப் புல்வெளியினரான தாத்தாரியர் கையில் சிக்கி உயிரிழந்தார்.

ஜூல்கியெவ்ஸ்கி தாம் நிறுவிய ஜூல்கியெவ் நகரின் புனித லாரன்சு ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அங்கே உரோமைக் கவிஞர் வெர்கிலின் இலத்தீன் வரி ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது: "எங்கள் எலும்புகளிலிருந்து பழிதீர்ப்பவன் ஒருவன் எழுவானாக." சோபியெஸ்கி சிறுவனாக வளர்ந்த ஊர் அது. கோயிலுக்குப் போகும்போதெல்லாம் கொள்ளுப்பாட்டனாரின் கல்லறையையும் அந்த வரியையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, தெற்கு எல்லைப் போர் என்பது அரசியல் கணக்காக மட்டும் இருந்திருக்க முடியாது.

அவருக்கு உடன்பிறந்தோர் இருந்தார்களா?

மூத்தவர் மாரெக். சகோதரிகளுள் கத்தஜீனா பின்னாளில் ராஜிவில் என்ற பெருங்குடும்பத்தில் மணமுடித்தார். அண்ணனும் தம்பியும் கிராக்கோவில் ஒன்றாகப் படித்து, 1646 முதல் 1648 வரை பிரான்சு, இங்கிலாந்து, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் ஒன்றாகவே பயணம் செய்தார்கள். ஊர் திரும்பியபோது உக்ரைனில் கொசாக்குப் படைத்தலைவர் குமெல்னித்ஸ்கியின் கிளர்ச்சி வெடித்திருந்தது. இருவரும் படையில் சேர்ந்தார்கள். 1651இல் பெரெஸ்தெச்கோ போரில் யான் காயமுற்றார். அடுத்த ஆண்டு பத்தோகு என்ற இடத்தில் போலந்துப் படை முறியடிக்கப்பட்டு, சரணடைந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெட்டிக் கொல்லப்பட்டபோது மாரெக்கும் அவர்களுள் ஒருவராக மாண்டார். யான் அந்தப் போரில் இல்லை. அன்று முதல் குடும்பத்தின் ஒரே ஆண் வாரிசு அவர்தான்.

அவர் ஒரு காலத்தில் ஸ்வீடன் அரசருக்கு ஆதரவாகப் போனார் என்பது உண்மையா?

உண்மை; மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. 1655இல் ஸ்வீடன் படை போலந்தை வெள்ளம்போல் மூழ்கடித்தபோது, அரசர் யான் காசிமிர் நாட்டை விட்டு வெளியேறினார். படைப்பிரிவுகள் பலவும் ஸ்வீடன் அரசர் பத்தாம் சார்லசின் ஆட்சியை ஏற்றன. சோபியெஸ்கியின் பிரிவும் அவற்றுள் ஒன்று. சில மாதங்கள் கழித்து, 1656 மார்ச்சு மாதத்தில், அவர் ஸ்வீடன் பக்கத்தை விட்டுத் தம் அரசரிடம் திரும்பினார். அதே ஆண்டு வார்சாவுக்காக நடந்த மூன்று நாள் போரில், போலந்துக்குத் துணையாக வந்த தாத்தாரியக் குதிரைப்படையை நடத்தியவர் அவரே. 1654இல் தூதுக்குழுவோடு இஸ்தான்புல் சென்றிருந்ததும் தாத்தாரிய மொழியில் ஓரளவு பழக்கம் இருந்ததும் அவருக்கு அங்கே கைகொடுத்தன. உறவினரைக் கொன்றவர்களின் மொழியைக் கற்று அவர்களோடு தோளோடு தோள் நின்று போரிட்டவர் என்பதை, அவரை வெறும் பழிவாங்கும் வீரராக மட்டும் காட்டும் எழுத்துகள் சொல்வதில்லை.

மரிசியென்கா யார்?

அரசரின் மனைவி மரீ காசிமிர் தார்கியானை அவர் செல்லமாக அழைத்த பெயர் அது. பிரான்சில் பிறந்து, போலந்து அரசியாக மணமுடித்து வந்த மரீ லுயீசு கொன்சாகாவின் பரிவாரத்தோடு குழந்தைப் பருவத்தில் போலந்துக்கு வந்தவர். 1658இல் நாட்டின் பெருஞ்செல்வரான யான் சமோய்ஸ்கிக்கு மணமுடித்து வைக்கப்பட்டார். அந்த மணவாழ்வு இனிதாக அமையவில்லை. பெற்ற குழந்தைகளும் நிலைக்கவில்லை. சோபியெஸ்கிக்கும் அவருக்கும் இடையே கடிதங்கள் வழி வளர்ந்த காதல், பிறர் கையில் சிக்கினாலும் புரியாதபடி மறைபெயர்களில் எழுதப்பட்டது. பிரெஞ்சுப் புனைகதை மாந்தரின் பெயர்களை இருவரும் சூட்டிக்கொண்டார்கள். கடிதங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் "பழப்பாகு."

1665 ஏப்ரலில் சமோய்ஸ்கி இறந்தார். அடுத்த மாதமே இருவரும் இரகசியமாக மணந்துகொண்டு, ஜூலை 5ஆம் நாள் வெளிப்படையாகத் திருமணம் செய்துகொண்டார்கள். ஊர் முழுவதும் அதைப் பழித்துப் பேசியது. அரசி மரீ லுயீசு இந்தத் திருமணத்தை ஊக்குவித்ததற்கு அரசியல் காரணமும் உண்டு. அரசருக்கு எதிராக நின்ற லுபோமிர்ஸ்கியிடமிருந்து பறிக்கப்பட்ட பெரும்பதவிகளை ஏற்க ஒருவர் தேவைப்பட்டார். சோபியெஸ்கி தயங்கித் தயங்கி ஏற்றார். 1668இல் அவர் நாட்டின் முதன்மைப் படைத்தலைவரானார். காதல், பதவி, அரசவைச் சூழ்ச்சி ஆகிய மூன்றும் இந்தத் திருமணத்தில் பின்னிக் கிடக்கின்றன. ஆயினும் பல ஆண்டுகளாக அவர் போர்க்களங்களிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதங்களைப் படிப்பவர் எவரும் அந்த அன்பின் உண்மையை ஐயுற மாட்டார்.

1674ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் எப்படி வென்றார்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1672இல், உதுமானியர் கமியானெத்ஸ் கோட்டையைக் கைப்பற்றியிருந்தார்கள். போதோலியா மாகாணத்தை விட்டுக்கொடுத்து ஆண்டுதோறும் திறை செலுத்துவதாகப் புச்சாச் என்ற ஊரில் போலந்து உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது. பேரவை அதை ஏற்க மறுத்தது, போர் தொடர்ந்தது. 1673 நவம்பர் 10ஆம் நாள் அரசர் மிகாவ் விஷ்னியோவியெத்ஸ்கி லிவீவ் நகரில் இறந்தார். மறுநாளே, நவம்பர் 11இல், தந்தை யாக்குப் அமைதி பேசிய அதே ஹோத்தின் கோட்டையின் கீழ், சோபியெஸ்கி உதுமானியப் படையைச் சிதறடித்தார். அரசர் இறந்த செய்தியும் வெற்றிச் செய்தியும் நாட்டை அடுத்தடுத்து எட்டின.

தேர்தலில் வலுவான வேட்பாளர்கள் லொரேன் நாட்டு சார்லசும், நோய்பர்க் இளவரசரும். ஒருவரை வியன்னா ஆதரித்தது. மற்றவரைப் பிரான்சு ஆதரித்தது. இருவரும் சமநிலையில் இழுபறியாக நின்றபோது, நாட்டில் பிறந்தவர் ஒருவரையே தேர்ந்தெடுக்கலாம் என்ற குரல் எழுந்தது. லித்துவேனியாவின் பாத்ஸ் குடும்பத்தார் கடுமையாக எதிர்த்தார்கள். மரிசியென்காவை விலக்கிவிட்டு, மறைந்த அரசரின் கைம்பெண்ணும், வியன்னாவிலிருந்து ஆண்ட புனித உரோமைப் பேரரசர் லெயோபோல்டின் தங்கையுமான எலியோனோராவை மணந்துகொள்ள வேண்டும் என்றுகூடச் சிலர் நிபந்தனை வைத்தார்கள். சோபியெஸ்கி அதற்கு இணங்கவில்லை. மே 21ஆம் நாள் அவரே அரசர் என அறிவிக்கப்பட்டது.

முடிசூட்டு விழாவை அவர் உடனே நடத்தவில்லை. போர் முடியட்டும் என்று எல்லைக்குத் திரும்பினார். 1676 பிப்ரவரி 2ஆம் நாள்தான் கிராக்கோவின் வாவெல் பேராலயத்தில் அவருக்கும் மரிசியென்காவுக்கும் முடிசூட்டப்பட்டது. தோற்ற வேட்பாளர் லொரேன் சார்லசு எலியோனோராவை மணந்துகொண்டார். வியன்னாவில் பேரரசின் படையை நடத்திக்கொண்டு சோபியெஸ்கியின் தலைமையின் கீழ்ப் போரிட்டவர் அதே சார்லசுதான்.

வியன்னாவில் என்ன நடந்தது?

1683 ஜூலை நடுவிலிருந்து உதுமானியப் பேரரசின் முதலமைச்சரான பெருவசீர் கரா முஸ்தபாவின் படை வியன்னாவைச் சூழ்ந்திருந்தது. பேரரசர் லெயோபோல்டோடு அந்த ஆண்டு வசந்தத்தில் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி சோபியெஸ்கி ஏறத்தாழ 25,000 வீரர்களோடு புறப்பட்டார். செருமானிய நாடுகளின் படைகளும் சேர மொத்தம் எழுபதாயிரம் அளவில் திரண்டது. களத்தில் இருந்த ஒரே முடியரசர் என்பதால் முழுத் தலைமையும் அவருக்கு வந்தது. செப்டம்பர் 12ஆம் நாள் காலையில் கேலன்பர்க் குன்றுகளிலிருந்து காலாட்படை இறங்கிப் போரிட்டு வழி திறந்தது. பிற்பகல் சாயும் வேளையில் ஹுசார்கள் எனப்பட்ட சிறகணிந்த ஈட்டிக் குதிரைவீரர்களை முன்னிறுத்தி ஏறக்குறைய இருபதாயிரம் குதிரைகள் சரிவில் பாய்ந்தன. இருட்டுவதற்குள் உதுமானியப் பாசறை கைவசமானது.

மறுநாள் இரவு, பெருவசீரின் கூடாரத்தில் அமர்ந்து மரிசியென்காவுக்கு அவர் எழுதிய கடிதம் நம்மிடம் இருக்கிறது. "என் உயிருக்கும் நெஞ்சுக்கும் ஒரே ஆறுதலே" என்று தொடங்குகிறது. வெற்றியையும் புகழையும் தந்தவர் கடவுள் என்று சொல்லிவிட்டு, கண்டதையெல்லாம் ஒரு கணவர் வீட்டுக்கு எழுதுவதுபோல் எழுதிக்கொண்டு போகிறார். கூடாரங்களுக்குள் நீராடும் அறைகள், சிறு தோட்டங்கள், நீரூற்றுகள் இருந்தன. பேரரசரின் மாளிகை ஒன்றிலிருந்து பிடித்து வந்த நெருப்புக்கோழியை, பிறர் கையில் போகக்கூடாது என்று பெருவசீர் தலையை வெட்டச் சொல்லிவிட்டார். கிளி ஒன்று தப்பிப் பறந்துவிட்டது, பிடிக்க முடியவில்லை. கொள்ளை இல்லாமல் வெறுங்கையோடு திரும்பும் கணவனைத் தாத்தாரியப் பெண்கள் "நீ வீரன் இல்லை" என்று ஏசுவார்களாம். நீ என்னை அப்படி ஏச முடியாது, ஏனெனில் கொள்ளைப்பொருள் பெறுகிறவன் முன்வரிசையில் நின்றிருக்க வேண்டும் என்று மனைவியைச் சீண்டுகிறார். ஐரோப்பாவின் போக்கை மாற்றிய நாளுக்கு மறுநாள் இரவில் இப்படி எழுத வாய்த்த மனிதரை நேசிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

பேரரசர் லெயோபோல்டு நன்றி பாராட்டினாரா?

சொல்லளவில் பாராட்டினார். செப்டம்பர் 15ஆம் நாள் வியன்னாவுக்கு அருகே சுவேகாத் என்ற இடத்தில் இருவரும் குதிரைமேல் அமர்ந்தபடி சந்தித்து, இலத்தீனில் சில சொற்கள் பேசினார்கள். தம்மோடு களத்தில் நின்ற பதினைந்து வயது மகன் யாக்குபைச் சோபியெஸ்கி அறிமுகம் செய்துவைத்தார். பையன் வணங்கினான். பேரரசர் தம் தொப்பியைத் தொடக்கூட இல்லை. அரசர் இதைத் தம் கடிதத்தில் மனம் நொந்து குறிப்பிடுகிறார். அது முரட்டுத்தனம் மட்டுமன்று. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசரின் மகன் பிறப்பால் இளவரசன் அல்லன் என்பது ஐரோப்பிய அரச குடும்பங்களின் எண்ணம். அந்தப் பையனை இளவரசனாக ஏற்பதாகத் தோன்றிவிடக்கூடாது என்பதில் பேரரசர் கவனமாக இருந்தார் என்றே நான் கொள்கிறேன்.

குருவாசான் ரொட்டியும் வியன்னாவின் காப்பிக்கடையும் இந்தப் போரில் தோன்றியவையா?

பிறை வடிவ ரொட்டி இந்த வெற்றியைக் கொண்டாடச் சுடப்பட்டது என்பது பிற்காலக் கட்டுக்கதை. காப்பிக் கொட்டை மூட்டைகளைப் பரிசாகப் பெற்று வியன்னாவின் முதல் காப்பிக்கடையைத் திறந்தவர் குல்சித்ஸ்கி என்ற கதையும் அப்படியே. அவர் முற்றுகையின்போது தூதுவராகத் துணிந்து செயல்பட்டது உண்மை. முதல் கடைக்கு உரிமம் பெற்றவர் தியோதாத்தோ என்ற ஆர்மீனியர்.

இவ்வளவு புகழ் பெற்றவரின் மகன் ஏன் அரசராகவில்லை?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுவே. அவர் மகனுக்காக எடுத்த முயற்சிகள் ஒவ்வொன்றும் தவறின. ஆட்சியின் தொடக்கத்தில், 1675இல், யாவோரூவ் என்ற ஊரில் பிரான்சோடு இரகசிய உடன்படிக்கை செய்துகொண்டார். பிரான்சின் பணத்தைக் கொண்டு பிரஷ்யச் சிற்றரசை மீட்பது, அதைத் தம் குடும்பத்தின் கையில் வைப்பது என்பது எண்ணம். தெற்கில் போர் ஓயாததாலும், உள்நாட்டுப் பெருங்குடும்பங்கள் எதிர்த்ததாலும் அது நிறைவேறவில்லை. பிறகு மொல்தாவியாவை வென்று யாக்குபை அங்கே அமர்த்த நினைத்தார். 1686இலும் 1691இலும் படையெடுத்தும் பயனில்லை. அந்த முதல் படையெடுப்பின்போது முதுகைக் காத்துக்கொள்ள, மாஸ்கோவோடு "நிலைத்த அமைதி" உடன்படிக்கைக்கு இசைந்து, கீவ் நகரை நிலையாக விட்டுக்கொடுத்தார். அது மிகப் பெரிய விலை.

திருமணத்தின் வழியாகவும் முயன்றார். லித்துவேனியாவில் பரந்த நிலங்களுக்கு வாரிசான லுத்விகா ராஜிவில் என்ற இளம் கைம்பெண் யாக்குபை மணக்க எழுத்து மூலம் வாக்களித்துவிட்டு, 1688இல் நோய்பர்க் குடும்பத்தின் காரல் பிலிப்பை இரகசியமாக மணந்துகொண்டார். அவமானத்தை ஆற்றுவதுபோல், 1691இல் அதே காரல் பிலிப்பின் தங்கை ஹெட்விக் எலிசபெத்து யாக்குபுக்கு மணமகளாக வந்தார். அவருடைய அக்காள் பேரரசர் லெயோபோல்டின் மனைவி. சுவேகாத்தில் தொப்பியைத் தொடாதவருக்கு யாக்குப் இப்போது சகலை.

இவை எதுவும் பிரபுக்களின் மனத்தை மாற்றவில்லை. அரசர் உயிரோடு இருக்கும்போதே வாரிசை நுழைக்கப் பார்க்கிறார் என்ற ஐயம் அவர்களைக் கலங்கச் செய்தது. ஒரே ஒருவரின் மறுப்பு பேரவை முழுவதையும் கலைத்துவிடும் வழக்கம் இருந்ததால், அரசரின் எதிரிகளுக்குத் தடைபோடுவது எளிதாக இருந்தது. அரச குருதி இல்லாத ஒருவரை அரியணையில் ஏற்றியதும் அந்தச் சுதந்திரம்தான், அவர் மகனை அரியணைக்கு அருகே விடாததும் அதே சுதந்திரம்தான். பிரபுக்கள் பிழை செய்தார்கள் என்று சொல்ல நான் தயங்குகிறேன். யாக்குப் அப்படிப்பட்ட திறமை உடையவரும் அல்லர். ஆனால் வலிமையான அரச மரபு ஒன்று வேரூன்றாமல் போனதன் விளைவை அடுத்த நூறு ஆண்டுகளில் போலந்து அனுபவித்தது.

அரசர் இறந்த பின் குடும்பம் என்ன ஆயிற்று?

தந்தை அடக்கம் ஆகும் முன்பே சொத்துக்காகத் தாயும் மூத்த மகனும் பகைத்துக்கொண்டார்கள். நாடறிந்த அந்தச் சண்டை யாக்குபின் வாய்ப்பை முற்றிலும் கெடுத்தது. 1697இல் சாக்சனி நாட்டு அவுகுஸ்து அரசரானார். 1704இல், ஸ்வீடனின் பன்னிரண்டாம் சார்லசு யாக்குபை அரசராக்க விரும்புகிறார் என்று தெரிந்ததும், அவுகுஸ்துவின் ஆட்கள் யாக்குபையும் அவர் தம்பி கொன்ஸ்தந்தியையும் விரோத்ஸ்லாவ் அருகே கடத்திச் சென்று சாக்சனியில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறைவைத்தார்கள். மற்றொரு தம்பி அலெக்சாந்தர், அண்ணன் சிறையில் இருக்கத் தாம் முடி ஏற்க முடியாது என்று மறுத்துவிட்டார். முடி ஸ்தனிஸ்லாவ் லெஷ்சின்ஸ்கிக்குப் போனது. அலெக்சாந்தர் 1714இல் ரோமில், கத்தோலிக்கத் துறவற சபைகளுள் ஒன்றான கப்புசின் சபையின் துறவியாக இறந்தார். மரிசியென்கா ரோமில் பல ஆண்டுகள் வாழ்ந்து, 1716இல் பிரான்சின் புளுவா நகரில் மறைந்தார். விலானூவ் மாளிகையைக் கொன்ஸ்தந்தி 1720இல் விற்றார். யாக்குப் 1737இல் ஜூல்கியெவ் நகரில், கொள்ளுப்பாட்டியின் தந்தை துயிலும் அதே ஊரில், இறந்தபோது ஆண் வாரிசு அற்றுப்போனது.

பெண்வழியில் வாரிசுகள் உண்டா?

உண்டு. அரசரின் மகள் தெரேசா குனெகுந்தா பவேரியாவின் ஆட்சியாளர் மாக்ஸ் எமானுவேலை மணந்தார். அவர்கள் மகன் காரல் ஆல்பிரெக்ட் 1742இல் ஏழாம் சார்லசு என்ற பெயரில் புனித உரோமைப் பேரரசரானார். அதுவும் தேர்தல் வழியாகக் கிடைத்த முடியே.

யாக்குபின் மகள் கிளெமெந்தினாவின் கதை இன்னும் வியப்பானது. இங்கிலாந்தின் முடியை இழந்த ஸ்டூவர்ட் குடும்பத்தின் ஜேம்சுக்கு அவர் நிச்சயிக்கப்பட்டார். பிரிட்டனின் முதலாம் ஜார்ஜ் கேட்டுக்கொண்டதற்கிணங்க, கிளெமெந்தினாவின் பெரியம்மா மகனேயான பேரரசர் ஆறாம் சார்லசு 1718இல் அவரை இன்ஸ்புரூக் நகரில் தடுத்துவைத்தார். மறு ஆண்டு, பணிப்பெண் ஒருவரைத் தம் இடத்தில் விட்டுவிட்டு, மாறுவேடத்தில் வெளியேறி ஆல்ப்சு மலையைக் கடந்து இத்தாலியை அடைந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு. அவர் மகன் சார்லசு எட்வர்டுதான், பிரிட்டனின் முடியை மீட்க முயன்று 1746இல் ஸ்காட்லாந்தின் கல்லோடன் போரில் தோற்றவர். கிளெமெந்தினா ரோமின் புனித பேதுரு பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அவர் அக்காள் மரியா கரோலினா குடும்ப நிலங்களை ராஜிவில் குடும்பத்துக்கு விற்றுவிட்டு 1740இல் இறந்தார். சோபியெஸ்கி என்ற பெயரோடு பிறந்தவர்களுள் அந்தக் கிளையில் கடைசியாக எஞ்சியவர் அவர்.

இவர்கள் நினைவிடங்களை இன்று எங்கே காணலாம்?

ஒலெஸ்கோ கோட்டை இன்று அருங்காட்சியகம். ஜூல்கியெவ் இன்று ஜோவ்க்வா என்று அழைக்கப்படுகிறது. புனித லாரன்சு ஆலயமும் கல்லறைகளும் அங்கே உள்ளன. 1677இல் அரசர் வாங்கிய சிற்றூரில் எழுந்த விலானூவ் மாளிகை, 1805 முதலே பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது.

அரசரின் உடல் நெடுங்காலம் வார்சாவில், அவரே நிறுவிய கப்புசின் ஆலயத்தில் இருந்தது. 1734 சனவரியில்தான் அவரும் மரிசியென்காவும் கிராக்கோவின் வாவெல் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். அங்கு புனித லியோனார்டு நிலவறையில் இப்போதுள்ள கல்பேழையை 1783இல் அமைத்துக் கொடுத்தவர் ஸ்தனிஸ்லாவ் அவுகுஸ்து, போலந்தின் கடைசித் தேர்தல் அரசர். இதயம் மட்டும் வார்சாவை விட்டுப் போகவில்லை. மியோதோவா தெருவில் உள்ள கப்புசின் ஆலயத்தின் பக்கச் சிற்றாலயம் ஒன்றில் அது வைக்கப்பட்டுள்ளது.